உணர்வு அட்டைகள்: வாங்கலாம், ஆனால் இல்லாத சொற்களை நீங்களே எழுதிச் சேர்க்கவேண்டி வரும்

மட்டக்களப்பு நகரத்தில் புத்தகமும் பாடசாலைச் சாமான்களும் விற்கிற கடை ஒன்றில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை 1,750 ரூபாய். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் 48 அட்டைகள், அதோடு நான்காக மடித்த ஒரு விளக்கத்தாள். செய்தவர்கள் இங்கத்தைய இளம் பிள்ளைகள் சிலர், இது அவர்களுடைய முதல் பதிப்பு. பெயரைப் போட்டுக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவேண்டியதை அவர்களுக்கே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: வீட்டிலோ வேலையிலோ சங்கத்திலோ, எப்போது எடுத்தாலும் சண்டையில் முடிகிற ஒரு விஷயம் உங்களுக்கு இருந்தால் இதை வாங்குங்கள். ஆனால் வாங்கினபடியே பாவிக்காதீர்கள், சில அட்டைகளைக் கழித்துவிட்டு, சிலதை எழுதிச் சேர்த்துவிட்டுப் பாவியுங்கள்.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் ஓர் உணர்வின் பெயர், அதற்குக் கீழே கோட்டுச் சித்திரமாக ஒரு முகம். மறுபக்கம் மூன்று கேள்விகள். உடம்பில் எங்கே தெரிகிறது? ஐந்துக்கு எத்தனை? இப்போது எனக்கு என்ன தேவை? நிறம் நாலு. உடம்பு கொதித்துக்கொண்டு மனம் கெட்டிருக்கும் உணர்வுகள் சிவப்பு, உடம்பு சோர்ந்து மனமும் கெட்டிருந்தால் நீலம், துள்ளுகிற சந்தோஷம் மஞ்சள், அமைதியான நிறைவு பச்சை. இந்த நாலு நிறப் பிரிப்பு இவர்கள் கண்டுபிடித்ததல்ல, யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் பிரக்கட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் பாடசாலைகளில் பரப்பிய முறை அது. எடுத்து வைத்தது நல்ல காரியம்தான், ஏனென்றால் சொல் வராத ஆளுக்கும் நிறம் வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், வாயைத் திறக்கவே மாட்டாத பிள்ளை, 'நீலம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். அவனுடைய அம்மாவுக்கு அது போதும், அன்றைக்கு ரியூசனுக்குப் போகச் சொல்லி நெருக்க மாட்டார்.

விளக்கத்தாளில் 'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்று ஒற்றை வரி போட்டு விட்டுவிட்டார்கள். எந்த ஆய்வு, என்ன கண்டது என்று சொல்லியிருந்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வந்திருக்கும். 2007இல் அமெரிக்காவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் மத்தியூ லீபர்மன் குழுவினர் ஆட்களை மூளைப் படம் எடுக்கிற கருவிக்குள் படுக்கவைத்துக் கோபமான முகம், பயந்த முகம் என்று காட்டினார்கள். அந்த முகத்துக்குப் பொருந்துகிற உணர்வின் பெயரைத் தெரிவு செய்தபோது, ஆபத்து என்றதும் துடிக்கிற அமிக்டலா என்ற பகுதி அடங்கியது, நெற்றிக்குப் பின்னால் வலது பக்கத்து ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. அதே முகத்துக்கு ஆண் பெயர் பொருந்துமா பெண் பெயர் பொருந்துமா என்று தெரிவு செய்தபோது அமிக்டலா அப்படி அடங்கவில்லை. பெயர் சொல்வது எல்லாம் ஒன்றல்ல, உணர்வின் பெயரைச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2012இல் அதே பல்கலைக்கழகத்தில் சிலந்திக்குப் பயந்தவர்களை உயிருள்ள பெரிய சிலந்தி ஒன்றுக்குக் கிட்டப் போகவைத்துப் பார்த்தார்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று தங்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனவர்களுக்கு, ஒரு கிழமை கழித்து மறுபடி சிலந்தியின் முன்னால் நின்றபோது உடம்பின் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. சரி, ஆய்வுகூடம் வேறு, சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கிற மேசை வேறு. அங்கே எதிரில் இருப்பவருக்கும் ஒரு மனம் இருக்கிறது, அவரும் பதில் சொல்வார். அதனால்தான் எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது, பெட்டியின் பெரிய குறையும் அங்கேதான்.

சிவப்பு அட்டைகளில் கோபம், எரிச்சல், ஆத்திரம், பொறாமை எல்லாம் சரி. அதற்கு நடுவில் 'புறக்கணிக்கப்பட்டேன்', 'ஏமாற்றப்பட்டேன்', 'அடக்கப்பட்டேன்' என்றும் இருக்கின்றன. இவை உணர்வுகள் அல்ல. எதிரில் இருப்பவர் எனக்கு என்ன செய்தார் என்ற குற்றச்சாட்டு, உணர்வின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வன்முறையற்ற தொடர்பாடல் என்ற முறையை உருவாக்கிய மார்ஷல் ரோசன்பேர்க் இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார், இந்த முறையில் பயிற்சி கொடுக்கிறவர்களும் இதைச் சொல்லித் தருவார்கள். 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொன்னால் யாரும் அதை மறுக்க முடியாது, என் கவலை என்னுடையது. 'நீங்கள் என்னைப் புறக்கணித்ததாக உணர்கிறேன்' என்று சொன்ன அடுத்த நொடி, 'நான் எப்ப புறக்கணிச்சன்?' என்று வரும், அதோடு கதை வழக்காகிவிடும். சண்டையைக் குறைக்க விற்கிற பெட்டிக்குள்ளேயே சண்டைக்கான சொல்லை வைத்திருப்பது எனக்கு மனவருத்தம். அந்த அட்டைகளைக் கழித்துவிட்டேன். நீங்களும் கழியுங்கள், அல்லது மறுபக்கத்தில் பேனையால் 'அப்போது எனக்கு என்ன வந்தது?' என்று எழுதிவையுங்கள். அனேகமாகத் தனிமை, அவமானம், பயம் இந்த மூன்றில் ஒன்று கீழே இருக்கும்.

பெட்டி எனக்கு எப்படி உதவியது என்பதற்கு எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன், அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தமிழரோ முஸ்லிமோ, மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை அதுதான் வழக்கம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், அண்ணன்மார் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். என் வீட்டுச் சுவரும் கூரையும் அண்ணன் கட்டாரில் உழைத்த காசு. அவர் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, படுவான்கரையில் அப்பா விட்டுப்போன வயலை விற்றுக் கடை ஒன்று போடப்போவதாகச் சொல்லத் தொடங்கினார். நான் வேண்டாம் என்பேன், அவர் குரல் ஏறும், என் குரலும் ஏறும், அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

அன்று கதைக்க முதல் அறைக்குள் இருந்து அட்டைகளைப் பரப்பினேன். கை முதலில் கோபத்துக்குத்தான் போனது. திருப்பினால் 'உடம்பில் எங்கே தெரிகிறது?' என்ற கேள்வி. கோபம் வந்தால் எனக்குக் காது சுடும், தாடை இறுகும். அப்போது அப்படி ஒன்றும் இல்லை, அடிவயிறுதான் பிசைந்துகொண்டிருந்தது. பயம் என்ற அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். எதற்குப் பயம்? வயலும் போய்க் கடையும் சரிவராவிட்டால் அம்மாவை என்ன செய்வது என்று. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, 'கடமைப்பட்டிருத்தல்' என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். அவர் காசில் எழுந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு அவருக்கு இல்லை என்று சொல்கிற கூச்சம் அது. இத்தனை நாளும் அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் நான் குரலை உயர்த்தியிருக்கிறேன் என்பது அட்டையைக் கையில் வைத்திருக்கும்போதுதான் விளங்கியது.

வெளியே வந்து சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, நீங்க வயல விக்கப்போறன் என்டு சொன்னா எனக்குக் கோவம் வரல்ல, பயம்தான் வருது. இந்த வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு உங்களுக்கு வேணாம் என்டு சொல்ல வெக்கமாவும் இருக்கு."

அவர் பதிலுக்குத் தயாராகத்தான் இருந்தார், ஆனால் அவர் தயாராக்கி வைத்திருந்த பதில் கோபத்துக்கான பதில். கொஞ்சம் பொறுத்து, "உனக்கு என்ன பயம், புள்ள?" என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்: "அங்க இருக்கக்குள்ள, ஊருக்கு வந்தா நானும் ஒரு ஆளா இருப்பன் என்டு நினைச்சன். இப்ப ஆரும் என்னட்ட ஒண்டும் கேக்கிறதுமில்ல." அவருக்கு நான் எந்த அட்டையையும் காட்டவில்லை, காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பார். வயல் விஷயம் இன்னும் முடியவில்லை. விற்காமல் குத்தகைக்குக் கொடுத்து அந்தக் காசில் கடையைச் சின்னதாகத் தொடங்கலாமா என்று கணக்குப் பார்க்கிறோம், மாரி மழையோடு தொடங்குகிற மகாபோக நெல் விதைப்புக்கு முதல் முடிவெடுக்க வேண்டும். ஆனால் கதைக்க முடிகிறது. அம்மாவும் இப்போது குசினிக்குள் போவதில்லை, உட்கார்ந்து தன் கருத்தைச் சொல்கிறார்.

அண்ணன் சொன்னதற்கு இந்த 48 அட்டைகளிலும் சொல் இல்லை. தேடிப் பார்த்தேன். 'ஏமாற்றம்' கிட்ட வருகிறது, ஆனால் அது இல்லை. பிறகு யோசித்தால், பெட்டிக்கு வெளியே எங்களிடம் அது இருக்கிறது. தொல்காப்பியத்தில் உணர்வு உடம்பில் வெளிப்படுவதைப் பற்றிச் சொல்கிற பகுதியான மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று நாலு நாலு காரணமும் சொல்கிறது. அழுகைக்குச் சொல்கிற நாலு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பதற்கு உரைகாரர் தருகிற விளக்கம், முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துவது. அண்ணனுடையது அதுதான். அழுகைக்கு முதல் காரணமாக இளிவை, பிறர் முன் தாழ்ந்துபோவதை, வைத்திருப்பதையும் கவனியுங்கள். கடனுக்காக, காணிக்காக, கலியாணத்துக்காக என்று நடக்கிற எத்தனையோ சண்டைகளின் அடியில் காசு இல்லை, இளிவுதான் இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பட்டியலை மொழிபெயர்க்காமல் இந்த முப்பத்திரண்டு காரணங்களிலிருந்து தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஊர்ப் பேச்சுச் சொற்களையும் விட்டுவிட்டார்கள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடன் தவணை பிந்தின கதை வருகிற கூட்டத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று அட்டைகளை மேசையில் வைத்தபோது, தவணை பிந்தின அக்கா ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதில எனக்குள்ளது இல்லயே, எனக்கு அந்தரமாக் கிடக்கு" என்றார். அந்தரம். அதில் பதற்றம் இருக்கிறது, அவசரம் இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியாத நிலையும் இருக்கிறது. பெட்டியில் 'மன அழுத்தம்' என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அதை எங்கள் ஊரில் வைத்தியசாலைக் கிளினிக்கில்தான் கேட்பீர்கள். படபடத்துத் தவிக்கிற பதகளிப்பு இல்லை, ரோசம் இல்லை, உள்ளுக்குள் குமைகிற வெப்பிசாரம் இல்லை. முஸ்லிம்கள் வாழ்கிற காத்தான்குடியில் இருக்கிற என் சிநேகிதி பார்த்துவிட்டு, 'கைசேதம்' இல்லாமல் எங்கட வீட்டில இத எப்படிப் பாவிக்கிற என்று கேட்டார், கைசேதம் என்றால் நடந்துபோனதை நினைத்து வருந்துவது, பேனையை எடுத்து ஒரு வெற்று மட்டையில் தானே எழுதியும் போட்டார். அந்தக் கூட்டத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். அக்காவின் 'அந்தரம்' மேசைக்கு வந்த பிறகுதான் தலைவி, "எந்தத் திகதிக்குள்ள எவ்வளவு ஏலும்?" என்று கேட்டார், அதுவரை நடந்தது வெறும் ஏன், எதற்கு என்ற விசாரணை.

விளக்கத்தாளில் நாலு விளையாட்டுகள் சொல்லியிருக்கிறார்கள். அதில் கடைசியை, 'எதிரில் இருப்பவருக்குப் பொருத்தமான அட்டையை எடுத்து அவரிடம் கொடுங்கள்' என்பதை, தயவுசெய்து செய்யாதீர்கள். பெண்சாதிக்குப் புருஷன் 'பொறாமை' அட்டையை எடுத்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. அடுத்தவர் உணர்வுக்குப் பெயர் வைக்கிற உரிமை எங்களுக்கு இல்லை, கேட்கத்தான் முடியும். 'மனவருத்தமா இருக்கா?' என்று கேள்வியாகக் கேட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கு இடம் இருக்கிறது. இன்னொன்று, எங்கள் வீடுகளில் மருமகள் மாமிக்கு முன்னால் அட்டை பரப்பிக்கொண்டு இருக்க முடியாது, வேலை இடத்தில் பெரிய ஆளுக்கு முன்னாலும் முடியாது. இதை முன்கூட்டித் தனியாக இருந்து பார்க்க வேண்டும். கதையின் நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, மறுபக்கத்து மூன்று கேள்விகளும் மனதில் பதிந்துவிட்டால் போதும். எனக்கு மிகவும் உதவுவது அந்த ஐந்துக்கு எத்தனை என்பதுதான். நாலைத் தாண்டினால் நான் அந்தக் கதையைத் தொடர்வதில்லை, 'எனக்கு இப்ப ஏலாது, பின்னேரம் கதைப்பம்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடி பின்னேரம் போய் உட்காருவேன். போகாமல் விட்டால் அது தப்பி ஓடுவது, அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் செய்தவர்கள் கட்டாயம் கவனம் எடுக்க வேண்டும். நீல அட்டைகளில் 'இழப்பு' என்று ஒன்று இருக்கிறது. இது மட்டக்களப்பு, அம்பாறை. 2009 வரை யுத்தம், நடுவில் 2004 சுனாமி, 2019இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. காணாமல் போனவர்களுக்காக இன்றும் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மார் இருக்கிற இடம். இங்கே அந்த ஒரு சொல்லைச் சும்மா மேசையில் போட்டால் எது கிளம்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் முகப் படங்களைக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் 'உன் உணர்வு எது' என்று கேட்டுவிட்டுப் போனதை இங்கே பலர் மறக்கவில்லை. அதற்கு முன்பே, 1996இலிருந்து, மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு களிமண்ணும் நிறமும் கதையும் விளையாட்டுமாக, அவசரப்படுத்தாமல் வேலை செய்திருக்கிறார்கள். பிள்ளைக்குச் சொல் வருகிறவரை காத்திருக்கிற அந்தப் பொறுமையைப் பற்றி விளக்கத்தாளில் ஒரு பந்தி வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்றும் வேண்டும். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாகலாம் என்ற யோசனையோடு ஒருவர் இருந்தால் அது அட்டை வைத்துக் கதைக்கிற விஷயம் அல்ல, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்க வேண்டும், அல்லது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த நாலு இலக்கத்தைப் பெட்டியின் அடியில் அச்சிட ஒரு செலவும் இல்லை.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். மட்டை மெல்லியது, மாரி காலத்து ஈரக் காற்றில் விளிம்பு சுருளத் தொடங்கிவிட்டது. எழுத்து பெரியது, கண்ணாடி இல்லாமல் அம்மா வாசித்தார், அதற்கு நன்றி. முகச் சித்திரங்களில் வெட்கமும் குற்ற உணர்வும் ஒரே மாதிரி இருக்கின்றன, கையால் பெயரை மறைத்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. சிவப்பு, நீலம் இரண்டுக்கும் 'எதிர்மறை' என்று தலைப்புப் போட்டதையும் மாற்றலாம், பயத்தில் எதிர்மறையாக என்ன இருக்கிறது? எனக்கு வயல் விஷயத்தில் சரியான இடத்தைக் காட்டியதே அதுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆசிரியர்கள், சங்கத் தலைவிகள், மத்தியஸ்த சபையில் இருப்பவர்கள், வளர்ந்த பிள்ளையோடு கதைக்க முடியாமல் இருக்கிற தாய் தகப்பன், இவர்களுக்கு 1,750 ரூபாய் பெறுமதியான சாமான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் 48 அதிகம், பன்னிரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்துக் கொடுங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் பழைய கொப்பி மட்டையை வெட்டி, பின்னால் அந்த மூன்று கேள்விகளையும் எழுதிக்கொண்டு தொடங்கலாம், முன்பக்கத்துக்கு எழுத வேண்டிய சொற்களை வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் கேளுங்கள்.